எனக்குப் பிடித்தவருக்கே ஓட்டுப் போட விடுங்கள்

கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் மவுண்டன் வியூவில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை. தண்ணீர் வாரியத்துக்கு யார் நிற்கிறார்கள் என்பதைக்கூட உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வட்டத்தை நிரப்புவேன். எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளவில்லை. நம் மாநிலத்தில் பிரைமரியில், அதாவது நவம்பர் தேர்தலுக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில், ஒரே ஒருவருக்குத்தான் ஓட்டு, முதல் இரண்டு பேர்தான் நவம்பருக்கு என்று இருப்பதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். தமிழில் எழுதக் காரணம், இங்கே வாக்குரிமை வாங்கியிருக்கும் எங்கள் மக்களும் படித்து, அவரவர் தொகுதி உறுப்பினரிடம் இதையே கேட்க வேண்டும் என்பதுதான்.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, பிரைமரிக்காகத் தபாலில் வந்திருந்த மூன்று வாக்குச் சீட்டுகளையும் விரித்தோம். என்னுடையது, கணவருடையது, மகளுடையது. அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. முதல் ஓட்டு. எங்கள் 16-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை) தொகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருந்த அன்னா எஷூ ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டதால் பதினொரு பேர் நின்றார்கள். மகள் ஒரு கோடு போட்ட நோட்டில் பதினொரு பெயரையும் எழுதி, வீட்டு வாடகை, பருவநிலை, காசா என்று கட்டம் கட்டி, ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று குறித்து வைத்திருந்தாள். இரண்டு வாரம் செய்த வேலை. கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அவர் ஜெயிக்கிற வரிசையில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"அவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்மா. முதல் ரெண்டு இடத்துக்கு யார் வருவாங்கன்னு பாத்துப் போடு" என்று சொன்னேன்.

"அப்போ எதுக்கும்மா பதினொரு பேரையும் படிச்சேன்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நானும் அன்று எனக்குப் பிடித்தவருக்குப் போடவில்லை. பிடித்தவர் வர மாட்டார், பிடிக்காத ஒருவர் வந்துவிடுவார் என்ற பயத்தில், பரவாயில்லை என்று நினைத்த இன்னொருவருக்குப் போட்டேன். மகளும் பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, நான் சொன்னேன் என்பதற்காக மாற்றிப் போட்டாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சாம் லிக்கார்டோ முதலிடம் வந்தார். இரண்டாம் இடத்தில் ஜோ சிமிட்டியன் 30,249, இவான் லோ 30,249. சரிசமம். சட்டப்படி மூன்று பேருமே நவம்பருக்குப் போக வேண்டும். போகவில்லை. யாரோ மறு எண்ணிக்கை கேட்டார்கள், கேட்டவர் தரப்பிலிருந்து பணம் கட்டினார்கள், ஏப்ரல் பாதியிலிருந்து மாதக் கடைசி வரை எண்ணினார்கள். முடிவில் லோவுக்கு ஐந்து ஓட்டு அதிகம். பல வருடம் உங்கள் மேலவையிலும் எங்கள் கவுண்டி (மாவட்டம்) மன்றத்திலும் இருந்த சிமிட்டியன், அந்த ஐந்து ஓட்டில் வெளியே போனார்.

ஐந்து ஓட்டு என்றால் எங்கள் வீடும் பக்கத்து வீடும். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதில் எனக்குக் குறையில்லை. அந்த அறுபதாயிரம் சொச்சம் சீட்டில் எத்தனை என் வீட்டுச் சீட்டைப் போன்றவை என்று நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. மக்கள் விரும்பியதையா எண்ணினீர்கள், மற்றவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று மக்கள் ஊகித்ததையா? எண்ணுகிறவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நிரப்பிய வட்டத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு "ஓட்டைப் பிரிக்க வந்தவர்" என்ற பேச்சு பழகிப்போன ஒன்று. அங்கே எதிரணி நிறுத்திய ஆளைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வோம். இங்கே நீங்கள் வைத்திருக்கும் முறையில் ஒத்த கருத்துள்ளவர்களே ஒருவருக்கொருவர் ஓட்டைப் பிரிப்பவர்களாகிறார்கள். நல்லவர்கள் நான்கு பேர் நின்றால் நான்கு பேரும் சேர்ந்து தோற்கிறார்கள்.

இந்த முறை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தமிழில் படிப்பவர்களுக்காக. 2009-ல் மாநில பட்ஜெட் நிறைவேறாமல் இழுபறியாகக் கிடந்தது. குடியரசுக் கட்சியின் மேலவை உறுப்பினர் ஏபல் மால்டொனாடோ தன் ஓட்டுக்கு விலையாகக் கேட்டவற்றில் ஒன்று திறந்த பிரைமரி. 2010 ஜூனில் 14-வது முன்மொழிவாக அது மக்களிடம் வந்தது, ஐம்பத்து மூன்று சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு நிறைவேறியது, 2012-லிருந்து மாநிலம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. ஜனாதிபதி பதவி தவிர மாநில, காங்கிரஸ் பதவிகளுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில். யாரும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு பேர் மட்டும் நவம்பருக்கு. அந்த இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. நவம்பரில் வேறு பெயரை நாமாக எழுதிப் போடவும் முடியாது.

இதன் முதல் பாதிக்கு நான் நன்றி சொல்கிறேன். கட்சியில் பதியாத எனக்கும், என்னைப் போல இந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கும் ஐந்தில் ஒருவருக்கும், பிரைமரியில் முழுச் சீட்டும் கிடைப்பது பெரிய விஷயம். கதவைத் திரும்பச் சாத்துங்கள் என்று கேட்கவில்லை. என் குறையெல்லாம் அந்த "இரண்டு" என்ற எண்ணிலும், ஒரே ஒரு வட்டம் என்பதிலும்தான்.

முதல் வருடமே அடி விழுந்தது. 2012-ல் சான் பெர்னார்டினோ பக்கம் 31-வது தொகுதி. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நான்கு பேர், குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர். நான்கு பேரும் ஓட்டைப் பங்கு போட்டுக்கொண்டதில் நவம்பர் சீட்டில் மிஞ்சியது குடியரசுக் கட்சியின் கேரி மில்லரும் பாப் டட்டனும். அதே நவம்பரில் அதே தொகுதி ஒபாமாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கொடுத்தது. ஆனால் காங்கிரசுக்குத் தங்கள் கட்சிக்காரர் ஒருவருக்குப் போட அந்த மக்களுக்கு வழியில்லை.

இது ஒரு கட்சியின் அழுகை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2022-ல் மாநில மேலவையின் 4-வது தொகுதியில் அப்படியே தலைகீழாக நடந்தது. சியரா மலைப்பக்கம், குடியரசுக் கட்சி வலுவான இடம். அந்தக் கட்சியில் ஆறு பேர் நின்றார்கள். மொத்த ஓட்டில் பாதிக்கும் மேல் அவர்களுடையதுதான். ஆனால் ஆறாகப் பிரிந்ததில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருவரும் மேலே வந்துவிட்டார்கள். அதில் ஜெயித்த மேரி ஆல்வராடோ கில் இரண்டு வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், குடியரசுக் கட்சிக்கே மாறினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தொகுதியின் மனசு ஒரு பக்கம், சீட்டு காட்டியது இன்னொரு பக்கம். இது உங்கள் அவையிலேயே நடந்த கதை என்பதால் சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்திலும் இதே முறைதான். 2024 ஆகஸ்டில் அங்கே பொது நில ஆணையர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஐந்து பேர், குடியரசுக் கட்சியில் இரண்டு பேர். ஐவரின் ஓட்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். இருந்தும் அவர்களில் முன்னால் இருந்த டேவ் அப்தக்ரோவ் இரண்டாம் இடத்தைப் பிடித்தது மறு எண்ணிக்கைக்குப் பிறகு 49 ஓட்டில். முழு மாநிலத்துக்கும் சேர்த்து நாற்பத்தொன்பது. நவம்பரில் அவர்தான் ஜெயித்தார். அந்த நாற்பத்தொன்பது இடம் மாறியிருந்தால் அவர் பெயரே சீட்டில் இருந்திருக்காது.

வாக்காளர்கள் கணக்குப் போட்டு ஓட்டளிப்பதையாவது புரிந்துகொள்ளலாம். நாங்கள் பயந்து செய்கிறோம். வேட்பாளர்கள் அந்தப் பயத்தையே முதலீடாக்குவதைத்தான் தாங்க முடியவில்லை. 2024-ல் அமெரிக்க செனட் இடத்துக்கு நடந்த பிரைமரியை நினைத்துப் பாருங்கள். ஆடம் ஷிஃப், கேட்டி போர்ட்டர், பார்பரா லீ என்று ஜனநாயகக் கட்சியில் மூன்று காங்கிரஸ் உறுப்பினர்கள். எதிரில் முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வி. கார்வியிடம் விளம்பரத்துக்குப் பணம் அதிகம் இல்லை. அவருக்கான விளம்பரத்தை ஷிஃப் தரப்பே செய்தது. கார்வி இந்த மாநிலத்துக்கு ஒத்துவராத பழமைவாதி, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர் என்று திட்டுவது போல, ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவழித்து டிவியில் ஓட்டினார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் காதில் அது "இவர்தான் நம்ம ஆள்" என்று விழும் என்பதுதான் கணக்கு. நவம்பரில் போர்ட்டரோடு மோதுவதைவிடக் கார்வியோடு மோதுவது சுலபம். போர்ட்டர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். பிறகு அவர் தரப்பும் எரிக் எர்லி என்ற இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரை முன்னே தள்ளி இணையத்தில் விளம்பரம் போட்டது, கார்வியின் ஓட்டு பிரியட்டும் என்று.

முடிவு: ஷிஃப்பும் கார்வியும் தலைக்குச் சுமார் முப்பத்தொன்றரை சதவீதம், போர்ட்டர் பதினைந்து, லீ பத்துக்குக் கொஞ்சம் கீழே. போர்ட்டரும் லீயும் ஒரே ஆளாக நின்றிருந்தாலும் கார்வியைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்விக்கு விழுந்ததில் எத்தனை அந்த ஒரு கோடி டாலர் வாங்கிக் கொடுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நவம்பரில் ஷிஃப் கிட்டத்தட்ட அறுபதுக்கு நாற்பது என்று ஜெயித்தார். போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிட்டது. 2018 ஆளுநர் பிரைமரியிலும் கேவின் நியூசம் தரப்பு, குடியரசுக் கட்சியின் ஜான் காக்ஸைத் தாக்குவது போல விளம்பரம் செய்து இதே உத்தியைக் கையாண்டது. அன்டோனியோ வில்லராய்கோசா மூன்றாமிடத்தில் நின்றுபோனார். 2026 ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் வரிசையாகப் பலர் இறங்கியபோதும், ஸ்டீவ் ஹில்டன், சாட் பியான்கோ என்ற இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களே நவம்பருக்குப் போய்விடுவார்களோ என்ற பேச்சு கிளம்பியது. யார் நல்ல ஆளுநராக இருப்பார் என்ற பேச்சு அமுங்கி, யார் விலக வேண்டும் என்ற பேச்சு மேலே வந்தது.

விலகச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 2018-ல் ஆரஞ்சு கவுண்டியில் காங்கிரசுக்கு நின்ற சிலர், கட்சி கேட்டுக்கொண்டதால் பாதியில் விலகினார்கள். மனு கெடு தாண்டிவிட்டதால் பெயர் சீட்டிலேயே இருந்தது. விவரம் தெரியாதவர்கள் அந்தப் பெயருக்கும் போட்டார்கள். அங்கே 48-வது தொகுதியில் மாநிலக் கட்சி ஹான்ஸ் கீர்ஸ்டெட்டை ஆதரித்தது, தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் அதே கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு ஹார்லி ரவுடாவை ஆதரித்தது. ரவுடா 125 ஓட்டில் இரண்டாமிடம் பிடித்து, நவம்பரில் ஜெயித்தார். கட்சியாலேயே தன் ஆள் யார் என்று ஒரே குரலில் சொல்ல முடியாதபோது, வேலை முடிந்து வந்து சமையலுக்கு நடுவில் சீட்டைத் திறக்கும் ஒரு வாக்காளர் எந்தக் கருத்துக்கணிப்பைப் பார்த்து முடிவெடுப்பார்?

எந்தத் தேர்தல் முறையிலும் கணக்குப் போடுபவர்கள் போடத்தான் செய்வார்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால், கணக்குப் போட்டு ஓட்டளிக்கக் கொஞ்சமும் இடம் தராத நியாயமான முறை எதுவும் இல்லை என்று கிப்பர்ட், சாட்டர்த்வைட் என்ற இரண்டு அறிஞர்கள் 1970-களிலேயே கணித முறையில் நிரூபித்துவிட்டார்கள். எனவே குறையே இல்லாத முறையை நான் கேட்கவில்லை. நேர்மையாக ஓட்டளிப்பவருக்கு இவ்வளவு பெரிய தண்டனை விழாத முறையைக் கேட்கிறேன். அது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை.

அலாஸ்கா 2020-ல் மக்கள் ஓட்டில் மாற்றிக்கொண்டது. அங்கேயும் பிரைமரி எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போகிறார்கள். நவம்பரில் வாக்காளர் 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்துகிறார். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த ஓட்டு போகிறது. பிடித்தவருக்கு 1 போடலாம், பயத்துக்கு 2 போடலாம். இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இது அந்நியமும் இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இப்படித்தான் எண் போடுகிறார்கள். 1969-ல் வி.வி. கிரி ஜெயித்தது இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்து எண்ணிய பிறகுதான். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு மக்களே மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க ஜெயித்தபோது அங்கே முதன்முறையாக இரண்டாவது சுற்று எண்ணிக்கை நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த ஒரு தாத்தாவுக்குப் புரிகிற முறை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் குழப்பும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அட, சான் பிரான்சிஸ்கோவிலேயே 2004-லிருந்து இதுதானே! என் வீட்டிலிருந்து கேல்டிரெயினில் ஒரு மணி நேரம்.

எதிர்ப்பக்க நியாயங்களையும் மறைக்கவில்லை. அலாஸ்காவிலேயே 2024-ல் இந்த முறையை நீக்கும் யோசனை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தான் தோற்றது. எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. எண்ணுவதில் தப்பு நடந்தால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஓக்லாந்தில் 2022-ல் ஒரு பள்ளி வாரிய இடத்துக்குக் கணினியில் விதியைத் தவறாக அமைத்து, தோற்றவரை ஜெயித்தவராக அறிவித்து, பிறகு நீதிமன்றம் வரை போய்த்தான் சரியானது. இது சின்னத் தப்பு இல்லை. எண்ணும் ஊழியர்களுக்குப் பயிற்சியும், முடிவை அறிவிக்கும் முன் வெளியாட்களின் சரிபார்ப்பும் வேண்டும், அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும். ஆனால் எண்ணுவதில் நேர்ந்த தப்பைத் திருத்த முடிந்தது. எங்கள் 16-வது தொகுதியில் மக்கள் பயந்து மாற்றிப் போட்ட ஓட்டை எந்த நீதிமன்றம் திருத்தும்?

உங்களால் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன். இரண்டு என்பது மாநில அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதை மாற்ற இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரு திருத்தத்தை மக்கள் முன் வையுங்கள்: நான்கு பேர் நவம்பருக்கு, நவம்பரில் வரிசை எண். நான்கு அதிகம் என்று நினைத்தால், இரண்டையே வைத்துக்கொண்டு பிரைமரிச் சீட்டிலாவது எண் போட வழி செய்யுங்கள். எங்கள் தொகுதி போன்ற இடங்களில் ஓட்டு வித்தியாசம் மயிரிழையாக இருந்தால் அரசு செலவில் தானாக மறு எண்ணிக்கை நடக்கட்டும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் டாலர் கட்டக்கூடியவர் கேட்டால் எண்ணுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்பது சரியில்லை. அப்புறம், தனிச் சாசனம் இல்லாத நகரங்களும் விரும்பினால் வரிசை முறைக்கு மாறலாம் என்று 2019-ல் நீங்களே ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பினீர்கள். ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டார். அதையும் மறுபடி எடுங்கள்.

இந்த முறையால் ஜெயித்து வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். ஏணியை மாற்றச் சொல்வது உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். உங்கள் தொகுதியிலும் ஓட்டைப் பிரிக்காதே என்று யாரையோ கெஞ்சியிருப்பீர்கள், அல்லது உங்களை யாராவது கெஞ்சியிருப்பார்கள். அந்த நாளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மகளின் அந்த நோட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பதினொரு பெயர், ஐந்து கட்டம், ஒரு பெயருக்கு எதிரில் பச்சை மையில் நட்சத்திரம். அந்த நட்சத்திரம் போட்ட பெயருக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஓட்டும் போகவில்லை. இதை உங்கள் அவைகளின் தேர்தல் குழு எப்போது விசாரணைக்கு எடுக்கிறது என்று தெரிவித்தால், வேலை நாளாக இருந்தாலும் லீவு போட்டுவிட்டு சாக்ரமெண்டோவுக்கு வருகிறேன். பேச எனக்கு இரண்டு நிமிடம் போதும். நோட்டையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
16-வது காங்கிரஸ் தொகுதியின் ஒரு வாக்காளர்
மவுண்டன் வியூ, கலிஃபோர்னியா